மலையில் நனையும் உடைக்கு ஏற்ற ஆண்டெனா வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோரையும் நீண்டகால நோயாளிகளையும் அவர்கள் வீட்டில் இருக்கும்போதே மருத்துவமனையிலிருந்து கண்காணிக்க உதவும் கருவிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். உடலில் ஒட்டிக்கொள்ளும் பட்டைகளும் உடையோடு தைக்கப்படும் உணரிகளும் மலைக் கிராமங்களுக்குப் பெரும் துணையாக இருக்கும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் உணரி, மென்பொருள், செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றையெல்லாம் விரிவாக எடுத்துரைத்த அக்கட்டுரையில், அந்தக் கருவிக்கு வாயாக இருக்கும் ஆண்டெனாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாலிடெக்னிக் ஒன்றில் மின்னணுவியல் கற்பித்து ஓய்வு பெற்று, கோத்தகிரி வட்டத்தில் வசித்து வரும் நான், என் வீட்டில் நடந்த ஒன்றை முன்வைத்து இதை எழுதுகிறேன்.

என் தாயாருக்கு வயது 76. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. அவர் முப்பது ஆண்டுகள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இதயம் பலவீனமாகி, சமவெளியில் உள்ள ஒரு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று மார்கழி மாதத்தில் வீடு திரும்பியபோது, மார்பில் ஒட்டிக்கொள்ளும் நெகிழ்வான பட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். அது இதயத் துடிப்பையும் மூச்சையும் அளந்து புளூடூத் வழியாகக் கைப்பேசிக்கு அனுப்பும். கைப்பேசி மருத்துவமனைக்கு அனுப்பும். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு ஒரு செவிலியர் அழைத்தார். "ராத்திரி பதினொன்றிலிருந்து நாலு மணி வரைக்கும் ரீடிங் எதுவுமே வரவில்லை சார். பாட்டி கழற்றி வைத்துவிட்டார்களா?" என்று கேட்டார். "நான் அதைத் தொடவே இல்லையப்பா" என்றார் என் தாயார். அடுத்த இரண்டு இரவுகளும் அப்படியே கழிந்தன. செவிலியரின் குரலிலும் கண்டிப்பு ஏறியது. தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணிய என் தாயார், பட்டை நழுவிவிடாமல் அதன்மீது உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே தூங்கத் தொடங்கினார். ஆண்டெனாவைக் கையால் மூடினால் அதன் குரல் இன்னும் அடங்கிப்போகும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒருநாள் இரவு அவர் கட்டிலருகே உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் சன்னல் திட்டில் மட்டுமே டவர் கிடைக்கும் என்பதால் கைப்பேசியை அங்கேதான் வைத்திருந்தோம். தாயார் சுவர்ப் பக்கம் திரும்பி, சன்னலுக்கு முதுகைக் காட்டிப் படுப்பவர். பட்டையின் மேல் ரவிக்கை, அதன் மேல் கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் கம்பளி. அன்று மாலை இறங்கிய மூடுபனியில் முற்றத்தில் நின்றிருந்ததால் கம்பளிச் சட்டை சற்று ஈரமாகவும் இருந்தது. அலைவலிமையைக் காட்டும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தேன். அவர் சன்னலைப் பார்த்துத் திரும்பியிருக்கும்போது தெரிந்த வலிமை, சுவர்ப் பக்கம் திரும்பியதும் ஏறத்தாழ 25 டெசிபல் இறங்கியது. அதாவது, வந்துகொண்டிருந்த ஆற்றலில் முந்நூறில் ஒரு பங்கு மட்டுமே மிஞ்சியது. சற்று நேரத்தில் இணைப்பு முழுவதுமாக அறுந்தது. கழற்றப்பட்டதாக மருத்துவமனை எண்ணிய பட்டை, அவர் மார்பில் ஒட்டியபடியேதான் இருந்தது.

இதற்குக் காரணம் மிக எளியது. புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். நம் தசையின் பெரும்பகுதி உப்பு கலந்த நீர் என்பதால் அது இந்த அலைகளை விழுங்கிவிடுகிறது. தசைக்குள் இரண்டு சென்டிமீட்டர் அளவு நுழைவதற்குள்ளேயே அலை பெரிதும் தேய்ந்துபோகும். எனவே மார்பிலிருந்து முதுகுக்கு அலை உடலை ஊடுருவிச் செல்வதில்லை; தோலை ஒட்டி வளைந்து சுற்றி வர வேண்டும், அல்லது சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வர வேண்டும். மருத்துவமனை அறையில் நான்கு பக்கமும் சுவர்கள் உண்டு. இரும்புக் கட்டில்களும் அலமாரிகளும் உண்டு. அவற்றில் பட்டுத் தெறித்து எப்படியாவது அலை கைப்பேசியை எட்டிவிடுகிறது. கொழுந்துக் கூடையைச் சுமந்து திறந்த சரிவில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு அந்த உதவி கிடைக்காது. அவர் மார்பில் பட்டையும், முதுகுப் பக்கம் கூடையில் கைப்பேசியும் இருந்தால், இடையில் இருப்பது அவர் உடல் மட்டுமே. அறையில் நன்றாக வேலை செய்ததாகச் சான்றளிக்கப்பட்ட கருவி சரிவில் ஊமையாகிவிடுவதற்கு இதுவே காரணம்.

அடுத்தது ஈரம். இந்த மலையில் அணியும் கருவியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும் என்பது என் கருத்து. நெகிழ்வான ஆண்டெனாவை இன்று பல வகையில் செய்கிறார்கள். பாலிஇமைடு என்னும் மெல்லிய படலத்தின்மீது செம்பைப் படியவைப்பது ஒன்று; வெள்ளி மைக்கொண்டு துணியில் அச்சிடுவது இன்னொன்று; வெள்ளி பூசிய நைலான் துணியை வெட்டி ஒட்டுவதும், மின்சாரம் கடத்தும் நூலால் எம்பிராய்டரி போடுவதும் உண்டு. இரண்டு கடத்தும் பரப்புகளுக்கு இடையே காப்புப் பொருளாக ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்யும் தடித்த துணி), பருத்தி, டெனிம் போன்ற துணிகளை வைக்கிறார்கள். ஒரு பொருள் மின்புலத்தை எவ்வளவு மாற்றுகிறது என்பதைக் காட்டும் எண்ணே ஒப்புமை விடுதிறன். உலர்ந்த ஃபெல்ட்டுக்கு அது ஏறத்தாழ 1.3, காற்றின் மதிப்புக்கு நெருங்கியிருப்பதால் ஆண்டெனாவுக்கு உகந்தது. நீரின் ஒப்புமை விடுதிறனோ ஏறத்தாழ 80. துணிக்குள் சிறிதளவு நீர் புகுந்தாலே மொத்தக் கணக்கும் மாறிவிடும். ஃபெல்ட்டின் மதிப்பு 1.3-லிருந்து 1.5-க்கு ஏறினால், 2.44 கிகாஹெர்ட்ஸுக்கு என்று வெட்டிய ஆண்டெனாவின் ஒத்ததிர்வு அதிர்வெண் (அது மிக நன்றாக இயங்கும் அதிர்வெண்) ஏறத்தாழ 170 மெகாஹெர்ட்ஸ் கீழே இறங்குகிறது. உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட இந்த அலைவரிசையின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அதாவது ஆண்டெனா தன் அலைவரிசையைவிட்டே வெளியே போய்விடுகிறது. அனுப்பியில் இருந்து வரும் ஆற்றல் வானில் பரவாமல் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. விடை வராததால் கருவி மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்த்து மின்கலத்தையும் தீர்த்துக்கொள்கிறது.

ஈரத்தை உறிஞ்சும் குணத்தில் துணிகளுக்குள் பெரிய வேறுபாடு உண்டு. வழக்கமான ஈரப்பதமுள்ள காற்றில் பாலியஸ்டர் தன் எடையில் அரை சதவீதத்திற்கும் குறைவாகவே ஈரத்தை ஏற்கும். பருத்தி எட்டு சதவீதம் அளவுக்கும், கம்பளி அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கும் ஏற்கும். நாங்கள் உடுத்துவது கம்பளியும் பருத்தியும். ஆனி, ஆடியில் எங்கள் மாவட்டத்தின் குந்தா வட்டம் பக்கம் நாள்கணக்கில் வெயிலே தலைகாட்டாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது நாட்டுக்கே தெரியும். தோட்டத்துப் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டி, தலைக்கு மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டுதான் கொழுந்து பறிக்கிறார்கள். அதற்குள்ளும் வியர்வை இருக்கும். இந்த உடைகளுக்குள் வைக்கும் ஆண்டெனாவை ஈரம் புகாத மேலுறைக்குள் அடைத்தோ, ஈரம் ஏற்காத காப்புப் பொருளின்மீது அமைத்தோ, அலைவரிசையைவிட மிக அகலமான அதிர்வெண் பரப்பில் இயங்கும்படி வடிவமைத்தோதான் தர வேண்டும். இவை செய்ய முடியாத காரியங்கள் அல்ல. வாங்குகிறவர் கேட்டால் செய்பவர் செய்வார்.

வளைவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டை வடிவ ஆண்டெனாவில் மின்னோட்டம் ஓடும் நீளவாக்கில் வளைத்தால் அதிர்வெண் அதிகம் நகரும். அகலவாக்கில் வளைத்தால் அவ்வளவு நகராது. எனவே மேற்கையில் கட்டும் ஆண்டெனாவின் நீளம் கையைச் சுற்றி அமையாமல் கையோடு ஒட்டி நீளவாக்கில் அமைய வேண்டும். அடியில் முழுமையான கடத்துப் பரப்பு ஒன்று இருந்தால் அது உடலிடமிருந்து ஆண்டெனாவைப் பிரித்துக் காக்கும். மெலிந்த முதியவரின் கையும் பருத்த இளைஞரின் கையும் ஒரே வட்டம் அல்ல என்பதால், இரண்டிலும் அளந்து பார்த்த பின்பே வடிவத்தை முடிவு செய்ய வேண்டும்.

இடத்தைப் பார்த்து ஆண்டெனாவை வடிவமைப்பது இந்த மாவட்டத்திற்குப் புதியதன்று. உதகைக்கு அருகே முத்தோரையில் 1970 முதல் இயங்கி வரும் வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. பேராசிரியர் கோவிந்த் சுவரூப்பும் அவருடைய குழுவினரும், அந்த இடத்தின் அட்சரேகை அளவான 11 பாகைக்கு இணையாகச் சரிந்திருக்கும் ஒரு மலைச்சரிவைத் தேடிக் கண்டுபிடித்து, தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமையும்படி அதன்மேல் அதைக் கட்டினார்கள். அதனால் ஒரே திசையில் சுழற்றினாலே ஒரு விண்பொருளைப் பல மணி நேரம் தொடர்ந்து கவனிக்க முடிகிறது. என் மாணவர்களை ஆண்டுதோறும் அங்கே அழைத்துச் சென்று, வரிசையாக நிற்கும் 1,056 இருமுனை ஆண்டெனாக்களைக் காட்டியிருக்கிறேன். மலையின் சரிவைத் தடையாகக் கருதாமல் வடிவமைப்பின் பகுதியாகவே ஏற்றுக்கொண்ட அந்த அணுகுமுறையைத்தான், ஐந்து சென்டிமீட்டர் அளவுள்ள மருத்துவ ஆண்டெனாவிலும் எதிர்பார்க்கிறேன்.

எம்பிராய்டரியைப் பற்றி மேலே சொன்னேன். அதில் நம் மலைக்குத் தனி இடம் உண்டு. கடத்து நூலால் தைக்கப்படும் ஆண்டெனாவில் மின்னோட்டம் நூல் ஓடும் திசையில்தான் எளிதாகப் பாயும். தையல் அந்தத் திசையில் நெருக்கமாக அமைந்தால் இழப்பு குறையும். குறுக்கே ஓடினாலோ இடைவெளி விழுந்தாலோ ஆற்றல் வெப்பமாக வீணாகும். நீளத்தில் துல்லியமும் வேண்டும்: 50 மில்லிமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலே ஏறத்தாழ 50 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும், அது அலைவரிசையின் அகலத்தில் பாதிக்கும் மேல். தோடர் இனப் பெண்களோ வரைபடமோ அச்சோ இல்லாமல், வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை விரலால் எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. ஒரு மந்தில் (தோடர் குடியிருப்பில்) அமர்ந்து ஓர் அம்மா அப்படித் தைப்பதை ஒரு பிற்பகல் முழுவதும் பார்த்திருக்கிறேன். அவர் ஊசியை நிறுத்தியது இழையை எண்ணுவதற்காக மட்டுமே. மாதிரி ஆண்டெனாக்களைத் தைக்கும் பணியில் இத்தகைய கைகளுக்கு, விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும், உரிய ஊதியத்தோடு இடம் தரலாம். அவர்களுடைய மரபுக் கோலங்களை எடுத்துக் கருவியின்மேல் ஒட்டி விளம்பரம் செய்ய வேண்டாம். அது அவர்களுடைய சொத்து. இழை எண்ணும் திறமைக்கு வேலை தருவது வேறு, கோலத்தை எடுத்துக்கொள்வது வேறு.

உடலோடு ஒட்டியிருக்கும் ஆண்டெனாவின் கதிர்வீச்சு தீங்கு செய்யுமா என்று எங்கள் ஊரில் பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி, அதற்கு விடை சொல்லாமல் கருவியை மட்டும் நீட்டுவது மரியாதையன்று. உடல் உள்வாங்கும் ஆற்றலுக்கு நம் நாட்டில் கைப்பேசிகளுக்கு விதிக்கப்பட்டுள்ள வரம்பு, ஒரு கிராம் திசுவின் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட். இத்தகைய பட்டைகள் பெரும்பாலும் ஒரு மில்லிவாட் அளவிலேயே அனுப்புகின்றன. அந்த ஒரு மில்லிவாட் முழுவதும் ஒரே கிராம் திசுவுக்குள் போய்ச் சேர்ந்தாலும்கூட, கணக்கு கிலோவுக்கு ஒரு வாட்தான் வரும். உண்மையில் கருவி நொடியின் மிகச் சிறு பகுதி நேரமே அனுப்புவதால் சராசரி இதைவிட மிகக் குறைவு. இந்தக் கணக்கைச் செவிலியர் ஒருவர் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

கைப்பேசி வரை செய்தி வந்துவிட்டாலும் அதற்கு அப்பால் மலை நிற்கிறது. டவர் எட்டாத ஊர்கள் குந்தாவிலும் கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களிலும் இன்றும் இருக்கின்றன. இதற்கு நம் நாட்டில் உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை பெரிதும் உதவும். அதில் லோரா எனப்படும் நெடுந்தொலைவு வானொலி முறையில், மிகக் குறைந்த மின்சாரத்தில், பார்வைக்கு மறைவில்லாத ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குப் பல கிலோமீட்டர் செய்தி அனுப்ப முடியும். அந்த வழி குறுகலானது என்பதையும் சொல்ல வேண்டும்: இசிஜி அலைவடிவம் முழுவதையும் அதில் தொடர்ந்து அனுப்ப இயலாது. ஆனால் துடிப்பின் எண்ணிக்கை, உடல் வெப்பம், ஆக்சிஜன் அளவு போன்ற சில எண்களைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அனுப்ப அது போதும். அங்கே அலைநீளம் 35 சென்டிமீட்டர் அளவுக்கு நீள்வதால் அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள ஆண்டெனாவே எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் வரும். மார்புப் பட்டையில் அது அடங்காது. ஆனால் மேல்சட்டையின் தோள்பட்டையில் தைக்கலாம், அல்லது வீட்டுக் கூரையில் ஒரு பெட்டியாக வைக்கலாம். என் விருப்பம் கூரைப் பெட்டியே. நோயாளியின் தோளில் பளு ஏற்றாமல் வேலை முடியும்.

இது வசதி படைத்தவர்களின் கைக்கடிகாரத்தைப் பற்றிய பேச்சன்று. இந்தியாவில் சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் வடிவ ரத்த அணுக் குறைபாடு முதன்முதலில் அறியப்பட்டதே 1952-இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடையே லேமன், கட்புஷ் ஆகியோர் நடத்திய ஆய்வில்தான். இந்நோய் உள்ளவர்களுக்குக் கடுங்குளிரே தாளமுடியாத வலியைத் தூண்டிவிடக் கூடியது. அதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் வந்து போன பிறகான இரவுகளைத்தான் இந்தக் கருவிகள் காக்க வேண்டும். அந்த இரவுகளில்தான் அவை இங்கே பேச்சிழந்து போகின்றன.

எனவே நலவாழ்வுத் துறையும், கருவிகளை வாங்கும் மருத்துவமனைகளும் ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே சில நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். கருவியின் ஆண்டெனா உலர்ந்த நிலையில் மட்டுமல்லாமல், கம்பளிக்கு அடியில், நனைந்த நிலையில், வளைத்த நிலையில், அணிந்தவர் முதுகைத் திருப்பிய நிலையில் அளக்கப்பட்ட முடிவுகளோடு வர வேண்டும். குறிப்பிட்ட தடவை துவைத்த பிறகும் அளக்க வேண்டும். வெள்ளிப் பூச்சு உதிர்வதும் அச்சிட்ட மை வெடிப்பதும் துவைக்கும்போதுதான். இணைப்பு அறுந்தால் குறைந்தது ஒரு நாள் அளவீடுகளையாவது கருவி தனக்குள் சேமித்து, இணைப்பு கிடைத்ததும் அனுப்ப வேண்டும். மருத்துவமனைத் திரையில் "அலை எட்டவில்லை" என்பதும் "கருவி கழற்றப்பட்டது" என்பதும் வெவ்வேறாகத் தெரிய வேண்டும். இது ஒன்று இருந்திருந்தால் என் தாயார் செய்யாத தவறுக்காகக் கண்டிக்கப்பட்டிருக்க மாட்டார். சோதிக்கத் தேவையான அறிவு வெகுதொலைவில் இல்லை. மருத்துவத் துணிகளுக்கான உயராய்வு மையம் கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்திலேயே இருக்கிறது; மின்காந்தவியல் சோதனைக்குச் சென்னையில் சமீர் (SAMEER) என்னும் மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் மையம் இருக்கிறது. தொடக்க நிலைச் சோதனைக்குச் சர்க்கரையும் உப்பும் உரிய அளவில் கரைத்த நீரே தசைக்கு மாற்றாக நிற்கும் என்பதால், கல்லூரி மாணவர்கள்கூட இதில் இறங்கலாம்.

என் தாயாரின் கைப்பேசிக்குக் கட்டிலின் சுவர்ப் பக்கச் சட்டத்தில் ஒரு துணிப் பை தைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். இரவு முழுவதும் அது பட்டையிடமிருந்து அளவீடுகளை வாங்கி வைத்துக்கொள்கிறது, காலையில் சன்னலுக்கு எடுத்துச் சென்றதும் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்கிறது. ஐந்து மணி நேர இடைவெளி இப்போது விழுவதில்லை. ஆனால் அவசரம் என்றால் அந்தச் செய்தி விடியும் வரை பையிலேயே இருக்கும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி மாதங்களில், குந்தா வட்டத்தின் சில வீடுகளில், கம்பளி போர்த்திய உண்மையான நோயாளிகளிடம் அவர்கள் இசைவோடு இக்கருவிகளைச் சோதித்துப் பார்த்த பின் வாங்குமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சோதனைக்கு உதவ, ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் எங்கள் வட்டத்தில் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.